ஓடுபவரின் முதுகில் ஒரு கிலோ

'ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் உள்ள மான்ட் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் 170 கிலோமீட்டர் பாதையில் தனியாக ஓடப்போகிறேன். மழைச் சட்டையை விட்டுவிட்டால் பையில் 300 கிராம் குறையும். விடலாமா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விடக்கூடாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்தப் பாதையின் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வரும். ஒரு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 98,000 ஜூல் வேண்டும், அதாவது 23 கிலோகலோரி. தசை எரிக்கும் ஆற்றலில் கால்வாசிதான் வேலையாக மாறும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உடலுக்கு ஆகும் செலவு 94 கிலோகலோரி. சமதளத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி என்று வைத்தால் இன்னொரு 170. மொத்தச் செலவை 50 கிராம் வேர்க்கடலை ஈடுகட்டிவிடும். மழைச் சட்டைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

1980இல் சி. ஆர். டெய்லரும் அவர் குழுவினரும் எலி, நாய், குதிரை, மனிதர் என எல்லோர் மேலும் சுமை ஏற்றி ஓடவிட்டு ஆக்சிஜன் செலவை அளந்தார்கள். சுமை உடல் எடையில் 10% என்றால் செலவும் ஏறக்குறைய 10% கூடியது. காலில் ஏறும் எடைக்கு மட்டும் கணக்கு வேறு. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினாலே செலவு சுமார் 1% ஏறும். கிராம் எண்ணுவதாக இருந்தால் ஷூவிலிருந்து தொடங்குங்கள்.

சரி, கணக்கில் இவ்வளவு சின்னதாகத் தெரியும் பை இருபதாவது கிலோமீட்டரில் ஏன் அப்படிக் கனக்கிறது?

விழித்திருக்கும் குழந்தை இடுப்பில் ஒட்டிக்கொண்டு வரும். அதே குழந்தை தூங்கிவிட்டால் கனக்கிறது என்று தோள் மாற்றுவோம். எடை கூடவில்லை, பிடிதான் தளர்ந்திருக்கிறது. பையும் அப்படித்தான். ஓடும்போது உடல் நொடிக்கு மூன்று தடவை சில சென்டிமீட்டர் எழும்பி இறங்குகிறது. வார் தளர்ந்திருந்தால், உடல் இறங்கத் தொடங்கிய பிறகும் பை மேலே போய்க்கொண்டிருக்கும். கால் தரையில் ஊன்றி உடல் மறுபடி எழும் நேரத்தில் பை கீழே வந்து தோளில் மோதும். இப்படி நாள் முழுக்க மோதுவதைத்தான் நாம் கனம் என்கிறோம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. வாரும் பையும் சேர்ந்தால் சுருள்வில்லில் தொங்கும் எடை மாதிரி. அதற்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அது நம் அடிகளின் வேகத்தை நெருங்கினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு அடியும் ஆட்டத்தைப் பெருக்கும். தப்பிக்க வழி இரண்டு. வாரை இறுக்கினால் வில் விறைத்துப் பையின் ஆட்ட வேகம் அடிகளின் வேகத்தைவிட வெகுவாக உயர்ந்துவிடும், பை உடம்போடு ஒன்றாகிவிடும். மலை ஓட்டக்காரர்கள் முதுகுப்பையை விட்டு மார்போடு ஒட்டும் வெஸ்ட் வகைப் பை அணிவது இதற்காகத்தான்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிரானது. வில்லை மிகவும் தளர்வாக்கிவிட்டால் நாம் எழும்பி இறங்கினாலும் சுமை கிட்டத்தட்ட அதே உயரத்தில் மிதந்து வரும். ஆசியாவெங்கும் தோளில் சுமக்கும் மூங்கில் காவடி செய்வது இதைத்தான். 1991இல் ரோட்ஜர் கிராம் (Kram) என்ற ஆய்வாளர், வளையும் தண்டுகளில் சுமை கட்டி ஓடவைத்துச் சோதித்தார். ஆக்சிஜன் செலவு குறையவில்லை, ஆனால் தோளில் விழும் உச்ச விசை குறைந்தது. நம் கட்டட வேலைகளில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கும் பெண்களின் கழுத்தையும் நடையையும் இதே அக்கறையோடு அளக்க நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தச் சோதனைக்கு ராக்கெட் செலவு ஆகாது.

அப்புறம் தண்ணீர். நிறைகுடம் தளும்பாது என்பது அசல் இயற்பியல். பாதி காலியான பாட்டிலுக்குள் காற்று இருப்பதால் தண்ணீர் தனியாக ஆடும். குடிக்கக் குடிக்கச் சுருங்கும் மெல்லிய குடுவையில் அந்தக் காற்றுக்கு இடமில்லை, கடைசி மடக்குவரை அது நிறைகுடம்தான். இரண்டு குடுவைகளை மார்புப் பக்கம் வைத்தால் முதுகுச் சுமைக்கும் சமன் கிடைக்கும்.

மழைச் சட்டைக்கு வருவோம். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தின் நடுவே குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்ததில் 21 பேர் இறந்தார்கள். நனைந்த மெல்லிய உடையிலிருந்து காற்று வெப்பத்தை உறிஞ்சும் வேகத்துக்குத் தசைகளால் ஈடுகொடுக்க முடியாது. மான்ட் பிளாங்க் பாதையில் 2003 முதல் நடக்கும் புகழ்பெற்ற போட்டியிலேயே மழைச் சட்டை, விசில், அலுமினியப் பூச்சுள்ள உயிர்காப்புப் போர்வை மூன்றும் கட்டாயம். தனியாகப் போகிறவருக்குப் பின்னால் ஓடிவர ஆளில்லை. எடை குறைக்க வேண்டுமானால் மாற்றுச் சட்டை, பெரிய பவர் பேங்க், தேவைக்கு மேல் சுமக்கும் தண்ணீர் ஆகியவற்றில் குறையுங்கள்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் பத்துமுறை குதித்துப் பாருங்கள். நீங்கள் தரையைத் தொட்ட பிறகு பை வந்து இடித்தால், வாரை இன்னும் ஒரு விரல் இறுக்குங்கள்.