வைன் பார் லைசன்னு ஒன்னு தனியா கெடையாது மச்சான்

போன மாசம் என் மாமா மகன் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்லேருந்து போன் பண்ணான். மாமா நடத்தின மளிகைக்கடை, டவுன்ல கோப்பிக்கடை வரிசையில ஓரமா இருக்குமே அது, மாமா போனதுலேருந்து பூட்டியே கெடக்கு. "மச்சான், அத நான் வைன் பாராக்கப் போறேன், இப்போ ஈப்போவுல ரெண்டு மூனு கடை அப்படி வந்துருச்சு, நம்ம பசங்க அங்க வரைக்கும் காடி ஓட்டிட்டுப் போய் குடிக்கிறானுங்க, வைன் பார் லைசன் எங்க எடுக்கறது சொல்லு"ன்னான். நான் முன்ன ஒரு ஹோட்டல்ல ஸ்டோர் கணக்கு பார்த்தவன்கறதால நமக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு அவனுக்கு. பாதி தெரியும், மீதிய உக்காந்து தேடிப் பார்த்தேன், தோட்டத்துப் பக்கம் கடை வைக்கிற இன்னும் ரெண்டு பேருக்கு உதவட்டுமேன்னு இங்க எழுதுறேன்.

மொதல்ல, நம்ம மலேசியாவுல வைன் பார் லைசன்னு ஒரு பேப்பர் கெடையாது. மதுவ விக்கிறது எல்லாமே 1976ஆம் வருஷத்து எக்ஸைஸ் (கலால் வரி) சட்டத்துக்குக் கீழ வருது, அந்தச் சட்டம் கடைய அலங்காரத்த வச்சுப் பிரிக்கல, எந்த பாட்டில் வச்சிருக்க, அத எங்க தொறக்குற, இத வச்சுதான் பிரிக்குது. பாட்டில மூடின மாதிரியே வித்து வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னா அது சில்லறைக் கடை லைசன். கடையிலேயே உக்காந்து குடிக்கலாம் ஆனா பீர் மட்டும்தான்னா அது பீர் ஹவுஸ் லைசன். பீர், வைன், பிராந்தி, விஸ்கின்னு எல்லாத்தையும் தொறந்து ஊத்தணும்னா பப்ளிக் ஹவுஸ் லைசன், மலாய்ல ரூமா அவாம்னு சொல்வாங்க. மத்த கடைக்கு சப்ளை பண்றவங்களுக்கு ஹோல்சேல் லைசன் தனி. இதுல என் மாமா மகனுக்குத் தேவை ரூமா அவாம். அவனுக்கு யாரோ "பீர் ஹவுஸ் எடுத்துக்க, சீக்கிரம் கெடைக்கும், அப்புறம் ரெண்டு வைன் பாட்டில் வச்சா யாரு கேக்கப் போறா"ன்னு ஐடியா குடுத்திருக்கான், அது வேலைக்கு ஆகாது, பீர் ஹவுஸ்ல வைன ஊத்தினா லைசன் இல்லாம வித்த கணக்குதான், வைன் என்ன பீருக்குத் தம்பியா.

நேரமும் லைசனப் பொறுத்ததுதான். சில்லறைக் கடைன்னா காலையில 7 மணியிலேருந்து ராத்திரி 9 மணி வரைக்கும். ரூமா அவாம்ல முதல் வகுப்புன்னா ராத்திரி 12 வரைக்கும் தொறக்கலாம், கீழ் வகுப்பெல்லாம் அதுக்கு முன்னாடியே மூடணும். நம்மூர்ல 12 மணிக்கு எவன் முழிச்சிருக்கான்னு கேக்கலாம், சனிக்கிழமை ராத்திரி டவுனுக்கு வந்து பாருங்க.

இப்போ எல்லாரும் குழம்புற விஷயம். சட்டம் கோலாலம்பூர்ல பாராளுமன்றம் போட்ட சட்டம், வரி வாங்குறது கஸ்தம், அதாவது சுங்கத்துறை, ஆனா உனக்கு லைசன் தரலாமா வேணாமான்னு முடிவு பண்றது அந்தந்த வட்டாரத்து லைசன் போர்டு. அதனாலதான் ஒரே சட்டம் ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒவ்வொரு மாதிரி தெரியுது. கிளந்தான்ல 1990லேருந்து பாஸ்ங்கற இஸ்லாமியக் கட்சி ஆட்சி, அங்க நெலமை வேற. பினாங்குல வேற. 2020 நவம்பர்ல கோலாலம்பூர் சிட்டி ஹால் ஒரு புது விதி சொல்லிச்சு, 2021 அக்டோபர்லேருந்து மளிகைக்கடை, சின்ன சூப்பர்மார்க்கெட், சீன மருந்துக்கடையில எல்லாம் சாராய வகை விக்கக் கூடாது, பீர் மட்டும் காலை 7லேருந்து ராத்திரி 9 வரைக்கும் விக்கலாம், அதையும் தனியா வைக்கணும்னு. அப்போ சுங்கை சிப்புட்ல இருக்குற கடைக்காரங்க எல்லாம் "போச்சு, சரக்கத் திருப்பி அனுப்பணும்"னு பதறுனாங்க, வாட்சாப்புல அந்த மெசேஜ் நூறு தடவ சுத்துச்சு, ஆனா அது கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குப் போட்டது, பேராக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எதிர்ப்பு வந்ததும் அங்கேயே அத தள்ளி வச்சாங்க. ஆக பேப்பர்ல எந்த ஊர் பேர் போட்டிருக்குன்னு மொதல்ல பாருங்க, அப்புறம் பயப்படுங்க.

சுங்கை சிப்புட் கோல கங்சார் மாவட்டத்துல சேர்ந்தது, அதனால இவன் ஓட வேண்டியது அங்கதான், ஈப்போவுக்கு இல்ல. மஜ்லிஸும், அதாவது நகராண்மைக் கழகமும், கோல கங்சார் மஜ்லிஸ்தான். மஜ்லிஸ் தர்ற வியாபார லைசன் வேற, போர்டு தர்ற மது லைசன் வேற, ஒன்னு இருந்தா இன்னொன்னு தானா வராது. பாட்டு, லைவ் பேண்ட், கரோக்கேன்னு வச்சா கேளிக்கை லைசன்னு மாநிலச் சட்டத்துல மூனாவது ஒன்னு வந்து நிக்கும். இவன் பிளான்ல வெள்ளிக்கிழமை ராத்திரி பழைய பாட்டு கரோக்கே இருந்துச்சு, நான் சொன்னேன், மொதல்ல கரோக்கேய எடுத்துரு, பேப்பர் ஒன்னு கொறையும், அக்கம்பக்கத்துக்கும் நிம்மதி.

இடமும் முக்கியம். பள்ளிக்கூடம், கோயில், சூராவ் (சின்னத் தொழுகைக்கூடம்), ஆஸ்பத்திரி பக்கத்துல கடைன்னா போர்டு யோசிக்கும். இவன் கடை பின்பக்கம் சந்து தாண்டினா பாலர் பள்ளி ஒன்னு இருக்கு, அத மறைச்சு ஃபாரம் நெரப்பலாமான்னு கேட்டான், நான் திட்டிட்டேன். போர்டு தினமும் கூடுற ஆபீசும் இல்ல, கூடுறப்ப நம்ம பேப்பர் முழுசா இல்லன்னா அடுத்த கூட்டம் வரைக்கும் காத்துக் கெடக்கணும், அதுக்குள்ள கடை வாடகைய கட்டிக்கிட்டே இருக்கணும். இவனுக்குச் சொந்தக் கடை, தப்பிச்சான். வாடகைக்கு எடுக்குறவங்க லைசன் கைக்கு வராம ரெனவேஷனுக்குக் காசக் கொட்டாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மரக் கவுண்டர், தொங்குற லைட்டு எல்லாம் போட்டு முடிச்சிட்டு அப்புறம் ஃபாரம் வாங்கப் போனார், இப்போ அந்த லைட்டுக்குக் கீழ நாசி லெமாக் விக்கிறார்.

அடுத்தது சுகாதார அமைச்சோட உணவுச் சட்டம், இது நாடு முழுக்க ஒன்னுதான். 2017 டிசம்பர் 1லேருந்து 21 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு மது விக்கக் கூடாது, அதுக்கு முன்னாடி 18. இன்னும் நம்ம பெருசுங்க 18ன்னுதான் நெனைச்சிக்கிட்டு இருக்காங்க. மீறினா 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். கடைக்குள்ள மது தனி எடத்துல இருக்கணும், வயசு போர்டு மாட்டணும். சந்தேகம் இருந்தா ஐசி (அடையாள அட்டை) கேட்டுடணும், தெரிஞ்ச வீட்டுப் பையன், அவங்கப்பாவும் நானும் ஒன்னா படிச்சோம்னு எல்லாம் பார்த்தா நாளைக்கு சமான் வர்றப்ப அவங்கப்பா வந்து கட்ட மாட்டாரு.

அதே திருத்தத்துல இன்னொன்னு வந்துச்சு, வைன் பாருக்கு நேரடியா சம்பந்தம் இல்ல, ஆனா நம்ம ஆளுங்களுக்கு இதவிட முக்கியமான வரி அதுல வேற இல்லன்னு நான் நெனைக்கிறேன். கலப்பு மது, அதாவது நாம சம்சுன்னு சொல்றது, இனிமே கண்ணாடி பாட்டில்ல 700 மில்லிக்குக் கொறையாமதான் விக்கணும். முன்ன எல்லாம் கைக்குள்ள மறைச்சுக்கிற சைஸ்ல சின்ன சின்ன பாட்டில் வரும், ரெண்டு மூனு வெள்ளிக்கு, பால் மரம் வெட்டிட்டு, இல்ல செம்பனை குலை தூக்கிட்டு வர்ற வழியில ஒருத்தர் தினக்கூலியில கிள்ளி ஒன்னு வாங்கிக்குவார், தினமும் வாங்குவார், லயத்துல அந்தக் காலி பாட்டிலப் பொறுக்கி நாங்க கோலி மாதிரி அடுக்கி விளையாடுவோம், அது என்னன்னு கூட தெரியாம. சின்ன பாட்டில் போனா வெல ஒரேயடியா ஏறும், சட்டைப் பைக்குள்ள ஒளியாது, அதுதான் கணக்கு. குடிக்கிறவன் நாலு பேர் பங்கு போட்டு வாங்குறான்னு சொல்றாங்க, அதுவும் நெசம்தான், ஆனாலும் இந்த விதி வேணும்னுதான் சொல்வேன். இன்னைக்கும் எங்கயாவது குட்டி பிளாஸ்டிக் பாட்டில்ல சம்சு விக்கிறதப் பார்த்தா அது சட்டப்படி வந்த சரக்கு இல்லன்னு எடுத்துக்கலாம், அதத் தொடாதீங்க, 2018ல சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கக் குடிச்சு எத்தனையோ பேர் செத்தாங்க, அதுல நெறைய பேர் வேலைக்கு வந்த நேபாளம், வங்காளதேசம், மியன்மார் ஆளுங்க.

எங்க பாட்டி வைன் பார்னு கேட்டிருந்தா வெளக்கமாத்த எடுத்திருக்கும். தோட்டத்துல சம்பளம் போட்ட அன்னைக்கு கள்ளுக்கடை வாசல்ல போய் நின்னு தாத்தாவ இழுத்துக்கிட்டு வந்த பொம்பள அது. 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப அவங்க கேட்டதுல சம்பள உயர்வு மட்டுமில்ல, தோட்டத்துக் கள்ளுக்கடைய மூடணும்னும் ஒன்னு இருந்துச்சு, 1947ல கெடாவுல பீடோங் பக்கம் தொண்டர் படை கள்ளுக்கடைய எதிர்த்து நின்னப்ப போலீசோட மோதலே ஆச்சு. அதனால நம்ம ஊர்ல ஒருத்தன் மது லைசன் கேக்குறான்னா அக்கம்பக்கத்துல நாலு பேர் மொகத்த சுளிப்பாங்க, அது சும்மா வந்த சுளிப்பு இல்ல, இவனும் அத தெரிஞ்சுக்கணும்.

சரி, வரி. பீருக்கு 2016 மார்ச்லேருந்து சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 வெள்ளின்னு எக்ஸைஸ் வரி இருந்துச்சு, 2025 நவம்பர் 1லேருந்து மது வரி 10% ஏறிச்சு, அப்போ 192 வெள்ளி 50 காசு. 320 மில்லி கேன், 5% ஆல்கஹால்னு வச்சுக்குங்க, உள்ள இருக்குற ஆல்கஹால் 16 மில்லி, வரி 2.80 வெள்ளியா இருந்தது 3.08 ஆச்சு. இது எக்ஸைஸ் மட்டும், மேல விற்பனை வரி இருக்கு. இதனாலதான் கஸ்தம் ஸ்டாம்ப் இல்லாத விஸ்கி பாட்டிலப் பாதி வெலைக்குக் கொண்டாந்து நீட்டுறானுங்க. லங்காவியிலேருந்து ஆளுக்கு ஒரு லிட்டர் கொண்டு வரலாமேன்னா, அது நீ குடிக்கிறதுக்கு, கடையில ஊத்துறதுக்கு இல்ல. புடிச்சா சரக்கும் போகும், லைசனும் போகும்.

இன்னொரு ஆசையும் இவனுக்கு இருந்துச்சு, எங்க அத்தை கிறிஸ்மஸுக்கு திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஜாடியில ஊற வச்சு ஒரு வைன் செய்வாங்க, பிரமாதமா இருக்கும், அதயே "ஹவுஸ் வைன்"னு பேர் போட்டு வித்துட்டா என்னன்னான். விக்கிற லைசன் வேற, தயாரிக்கிற லைசன் வேற. தயாரிக்கறதுக்கு கஸ்தம்கிட்ட உற்பத்தி லைசன் வேணும், ரூமா அவாம் லைசன வச்சுக்கிட்டு பின் அடுப்படியில ஜாடி வைக்க முடியாது. சபா சரவாக்குல தப்பாய், துவாக்னு அரிசி மதுவெல்லாம் வீட்டுல செய்றாங்களேன்னா, அந்த ஊர் வழக்கமும் விதியும் வேற, அத இங்க காட்ட முடியாது.

கடைசியா காடி, அதாவது குடிச்சிட்டு வண்டி ஓட்டுறது. 2020 அக்டோபர் 23லேருந்து ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, முன்ன 80. முதல் தடவ மாட்டினாலே 10,000லேருந்து 30,000 வெள்ளி அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் வரலாம், குடிச்சு ஓட்டி யாராச்சும் செத்தா 10லேருந்து 15 வருஷம் உள்ள. லிந்தாங்லேருந்தும் தோட்டத்துலேருந்தும் மோட்டார்ல வர்ற கஸ்டமர கடை மூடினப்புறம் திருப்பி அனுப்புறது எப்படின்னு யோசிச்சியான்னு கேட்டேன், அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல, நம்ம பக்கம் ராத்திரி கிராப் டாக்சி கெடைக்கறது கோயில் திருவிழாவுல பார்க்கிங் கெடைக்கிற மாதிரி.

போன வாரம் கோல கங்சார் போய் விசாரிச்சிட்டு ஃபாரமோட வந்தான். மஜ்லிஸ்ல சாப்பாட்டுக்கடை லைசனுக்கு மொதல்ல போட்டிருக்கான், ரூமா அவாம் பேப்பர் எல்லாம் சேர்த்து அடுத்த கூட்டத்துக்கு அனுப்பறதா பேச்சு. அதுவரைக்கும் தே தாரேக், பருப்பு வடை. அத்தை ஜாடிய திருப்பி வாங்கிக்கிட்டாங்க.