தூரத்துப் பேச்சு காதருகே கேட்டது எப்படி?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நண்பர்களோடு இங்கினியாகலைப் பக்கம் போய், சேனாநாயக்க சமுத்திரத்துக் கரையில் கூடாரம் அடித்தார்களாம். "அண்ணா, பொழுதுபட்டு கொஞ்ச நேரத்தில் யாரோ பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் கேட்டது. டோர்ச் அடித்தால் ஒருவரும் இல்லை. இரண்டு பேர் பேய் என்று கூடாரத்துக்குள் ஓடிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் தூரத்தில் வள்ளத்தில் இருந்த மீனவர்கள்! மத்தியானம் நாங்கள் கத்தியதே அவ்வளவு தூரம் போகவில்லையே?"

பெயர்தான் சமுத்திரம். கல்லோயாவை மறித்துக் கட்டிய குளம் அது, இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அந்தப் பரப்பில்தான் விடையும் இருக்கிறது.

சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பூச்சியம் பாகையில் செக்கனுக்கு 331 மீற்றர். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். இது பாடசாலையில் படித்ததுதான். வெயிலில் தரை காயும்போது கீழ்க்காற்று சூடு, மேல்காற்று குளிர். மாலையில் குளத்தின் மேல் இது தலைகீழாகும். கரையில் இருந்து வரும் சூடான காற்று, தன்னைவிடக் குளிர்ந்த தண்ணீரின் மேல் படர, அடிப்பகுதி மட்டும் குளிர்ந்துவிடும். காற்றும் அடங்கிவிட்டால் அந்த அடுக்கு கலையாமல் கிடக்கும்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். ஆடிவேல் தேரை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க வடம் பிடித்தவர்கள் விரைவாகவும் இடப்பக்கத்தார் மெதுவாகவும் நடந்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும்? மெதுவான பக்கம், இடப்பக்கம். ஒலியலையும் அப்படித்தான். அதன் மேல்பகுதி சூடான காற்றில் முந்த, கீழ்ப்பகுதி குளிர்ந்த காற்றில் பிந்த, அலை முழுவதும் தண்ணீரை நோக்கி வளையும். பகலில் தரைக்கு மேல் இது மறுபக்கம்: ஒலி வானத்தை நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலாகப் போய்விடும். ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பிரித்தானிய விஞ்ஞானி 1874 இலேயே இந்த ஒலி முறிவை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வளைந்து இறங்கிய ஒலி தண்ணீருக்குள் போகாதா? போகாது. தண்ணீரில் ஒலியின் வேகம் காற்றில் இருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். அதனால் சாய்ந்து வந்து படும் ஒலி அப்படியே மேலெழும்பும். எழும்பியது மறுபடி வளையும். தட்டைக் கல்லைக் குளத்தில் வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதே மாதிரி. தண்ணீரை ஒட்டி 25 பாகை, 10 மீற்றர் மேலே 30 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு தாவலுக்கு 300 மீற்றர் வருகிறது!

இன்னொன்றும் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலில் ஒன்றாகும். இந்த மெல்லிய அடுக்குக்குள் அகப்பட்ட ஒலியோ பக்கவாட்டில் மட்டும்தான் பரவ முடியும், ஆகவே பாதிதான் குறையும். தூரத்துப் பேச்சு சொல் சொல்லாகக் கேட்பது இதனால்தான்.

பேய்க்குப் பயந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முறிவு என்றால் நமக்குக் கண்ணாடி அரியமும் ஒளிக்கதிரும் மட்டும்தானே காட்டினார்கள்? ஒரு மூங்கில் கழி, அதன் அடியிலும் நுனியிலும் ஒவ்வொரு வெப்பமானி, ஒரு குளக்கரை: இவ்வளவுக்குப் பணம் ஒதுக்கினால் பிள்ளைகள் ஒலி முறிவைக் காதாலேயே படிப்பார்கள். ஒதுக்க வேண்டும்.

தங்கை, அடுத்த முறை விடியற்காலையிலும் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீரில் இருந்து ஆவிபோல் புகார் எழும்பினால், இரவெல்லாம் குளிர்ந்த காற்றைவிடத் தண்ணீர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது அடிக்காற்று சூடேறிக் கலங்கத் தொடங்கியிருக்கும். அந்த மீனவர்களின் குரல் மாலையில் கேட்டதுபோலவே கேட்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.