கோயிலுக்கு வராத பிள்ளை கெட்டுவிட்டதா?

“மகன் கோயில் பக்கமே வர்றதில்ல மிஸ். சாமியே இல்லங்கிறான். கெட்டுப்போயிட்டான்.” உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாமார் இப்படியொரு முறைப்பாட்டோடு என்னிடம் வருவதுண்டு. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் உளவளத்துணை வேலை செய்கிறேன். நான் திருப்பிக் கேட்பேன்: வீட்டில் காசு காணாமல் போகிறதா? தங்கச்சிக்கு அடிக்கிறானா? பொய் கூடிவிட்டதா? “ஐயோ, அதெல்லாம் இல்ல மிஸ்” என்பார்கள். சரி, அப்படியென்றால் கெட்டது எது?

அவர்களின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. லயத்துச் சனத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, கோயில் கும்பிடுவதற்கு மட்டுமல்ல. திருவிழா, கல்யாணப் பேச்சு, சண்டை சமாதானம் எல்லாம் அங்கேதான். கோயிலை விடும் பிள்ளை நம்மையே விட்டுவிடும் என்று பெற்றோர் கலங்குகிறார்கள். அது உறவைப் பற்றிய கவலை. ஒழுக்கத்தை ஏன் அதில் இழுக்க வேண்டும்?

பிள்ளைகள் இதைத் தெளிவாகவே பிரிக்கிறார்கள். லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்தியுள்ள கிறிஸ்தவ, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம், ‘ஓய்வு நாளில் வேலை செய்யாதே என்று கடவுள் சொல்லாமல் இருந்திருந்தால் செய்யலாமா?’ என்று கேட்டார்கள். பெரும்பாலோர் செய்யலாம் என்றார்கள். களவெடுக்காதே என்று சொல்லாமல் இருந்திருந்தால்? அப்போதும் அது பிழைதான் என்றார்கள். உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை மச்சம் தின்பதும் பக்கத்துக் காம்பராக்காரரின் கோழியைக் களவெடுப்பதும் ஒன்றா?

பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களைப் பாருங்கள். பௌத்தத்தில் உலகைப் படைத்துக் கட்டளை போடும் கடவுள் இல்லை. பஞ்ச சீலத்தில் கொலையும் களவும் பொய்யும் விலக்கப்பட்டுத்தான் இருக்கின்றன.

அதற்காகச் சமயத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாளிலிருந்து குடியைத் தொடாத ஆண்களைப் பார்க்கிறேன். அந்த மண்டலம் முழுக்க மனைவிக்கு அடி இல்லை, சம்பளம் வீட்டுக்கு வருகிறது. நான் மாதக்கணக்கில் பேசியும் நடக்காதது அது! மாலை போட்டவரை எல்லோரும் ‘சாமி’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். கூட மாலை போட்டவர்களின் கண் அவர் மேலேயே இருக்கிறது. விடியற்காலைக் குளியல், பூசை, பசனை என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகிறது. மாலையைக் கழற்றியதும் இதெல்லாம் போய்விட, சிலர் அன்றிரவே போத்தலைத் திறக்கிறார்கள். நம்பிக்கை என்னவோ குறையவில்லை. (இதையும் சொல்லிவிடுகிறேன்: தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுமுன் வைத்தியரைப் பாருங்கள்.)

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம், வீட்டில் காசு காணாமல் போனால் பிள்ளையைச் சூடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்குவது. எடுக்காத பிள்ளையும் நடுங்கிப்போகும். எடுத்த பிள்ளை பொய்ச் சத்தியம் செய்துவிட்டு, சாமி கண்ணைக் குத்தவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும். அப்புறம் எதைச் சொல்லித் திருத்துவீர்கள்? அது அப்பாயியின் மருந்துக் காசு, அவர் இன்று மருந்து வாங்கவில்லை என்று சொல்லுங்கள். அவன் கையாலேயே அப்பாயியிடம் திருப்பிக் கொடுக்க வையுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோயிலை மட்டும் விட்ட பிள்ளை வேறு. கோயிலோடு சேர்த்துக் கிரிக்கெட், கூட்டாளிமார், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் விட்ட பிள்ளை வேறு. இரண்டாவது பிள்ளையிடம் சாமியைப் பற்றி வாதாட வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.