கம்ப்யூட்டருக்குத் தராசு தெரியாது

குறுவை நெல் வர ஆரம்பித்துவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து மில்களில் தராசுக்கு ஓய்வு கிடையாது. மேடையில் மூட்டையை வைத்ததும் பெட்டியில் சிவப்பு எண் ஓடி நிற்கும். அங்கிருந்து ஒரு கேபிள் வழியாக எடை கம்ப்யூட்டருக்குப் போய் பில்லில் ஏறும். பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிய வாரம்தான் சிக்கல் வரும். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவனுக்கு போன் போகும்: "தம்பி, புதுசு தராசை எடுக்க மாட்டேங்குது. தராசு டிரைவர் இருந்தா வந்து போட்டுவிட்டுப் போயேன்."

இந்த மாதிரித் தராசுக்கு டிரைவர் என்று ஒன்று கிடையாது. அங்கே ஒரு தராசு இருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மில்லை இழுத்து மூடும் நாள்வரை தெரியப்போவதும் இல்லை. அதற்குத் தெரிவதெல்லாம் கேபிளின் பருத்த தலைக்குள் இருக்கும் ஒரு சிப் மட்டும்தான்.

தராசுப் பெட்டியின் பின்னால் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். ஆர்எஸ்-232 என்கிற இந்தத் தரம் 1960-லேயே வந்துவிட்டது. அதன் வழியே எழுத்துகளை வரிசையாக அனுப்பலாம், வாங்கலாம், "நீ யார்?" என்று மறுமுனையைக் கேட்க அதில் வழியே இல்லை. இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட் இல்லாததால், யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் சிப் வைத்த கேபிளை இடையில் போடுகிறோம். யூஎஸ்பியின் குணம் நேர் எதிர். அங்கே சொருகப்படும் ஒவ்வொரு பொருளும் முதலில் தன்னை யாரென்று சொல்லியாக வேண்டும்.

விண்டோஸோ லினக்ஸோ, எல்லா இயங்குதளத்துக்கும் நடுவில் கர்னல் என்று ஒரு பகுதி உண்டு. பில் போடும் மென்பொருள் வன்பொருளை நேராகத் தொட முடியாது. கர்னலைத்தான் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு சிப்போடு எப்படிப் பேசுவது என்று தெரிந்த துண்டு நிரல்தான் டிரைவர். லினக்ஸ் கர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்களே. அத்தனையையும் நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்க முடியாது. அதனால் பெரும்பாலானவை தனித்தனிக் கோப்புகளாக டிஸ்க்கில் கிடக்கும். சொருகிய பொருளுக்கு அவற்றில் எது உரியது என்று ஒரு நொடிக்குள் எப்படித் தெரிகிறது?

கேபிளைச் சொருகியதும் முதலில் நடப்பது வெறும் மின்சார வேலை. சாதாரண யூஎஸ்பியில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. உள்ளே இருக்கும் சிப், தகவல் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை மூலம் மேலே இழுத்துப் பிடிக்கும். கம்பியில் மின்னழுத்தம் ஏறியதைப் பார்த்துத்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் அறிகிறது. எந்தக் கம்பி ஏறியது என்பதில் வேகமும் தெரிந்துவிடும். ஒரு கம்பி என்றால் நொடிக்கு 12 மெகாபிட், இன்னொன்று என்றால் 1.5 மெகாபிட். கர்னல் அந்த போர்ட்டை ஒருமுறை ரீசெட் செய்கிறது. வந்த பொருளுக்கு இன்னும் முகவரி இல்லாததால் பூஜ்யம் என்ற தற்காலிக முகவரியில் பேசி, 1 முதல் 127-க்குள் ஒரு தனி எண்ணைக் கொடுக்கிறது. அப்புறம் முக்கியமான கேள்வி: உன் விவரத்தைச் சொல்.

பதிலாக வருவது 18 பைட். அதற்குள் தயாரிப்பாளர் எண் இரண்டு பைட், பொருள் எண் இரண்டு பைட், எந்த வகைக் கருவி என்று சொல்லும் சில பைட்டுகள் இருக்கும். தயாரிப்பாளர் எண்களை யூஎஸ்பி தரத்தைப் பராமரிக்கும் அமைப்பு ஒதுக்கித் தருகிறது. எஃப்டிடிஐ என்ற நிறுவனத்துக்கு 0403. அதன் பிரபலமான சீரியல் சிப்புக்கு 6001. இன்டெல்லுக்கு 8086, 1978-இல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் பெயரையே தங்கள் எண்ணாக வாங்கி வைத்திருக்கிறார்கள். மில்காரர்கள் வாங்கும் மலிவான கேபிள்களில் பெரும்பாலும் இருப்பது சிஎச்340 சிப். அதன் எண் 1ஏ86, 7523. (இவை பதினாறடிமான எண்கள், 0 முதல் 9 வரை போதாமல் ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்களாகும்; அதனால் நடுவே எழுத்து வரும்.)

இந்த எண்களையெல்லாம் கர்னல் ஒரே வரியாகக் கோர்த்து, "இப்படி ஒருவர் வந்திருக்கிறார்" என்று அறிவிக்கிறது. லினக்ஸில் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது யூடெவ் என்ற நிரல். அது அந்த வரியை டிஸ்க்கில் உள்ள ஒரு பட்டியலோடு ஒப்பிடும். இந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒவ்வொரு டிரைவரையும் எழுதியவர், "என்னால் இன்னின்ன எண்களைக் கவனிக்க முடியும்" என்று டிரைவருக்குள்ளேயே ஓர் அட்டவணை போட்டிருப்பார். கர்னலை நிறுவும்போது எல்லா அட்டவணைகளும் திரட்டப்பட்டு ஒரே கோப்பாகின்றன. 1ஏ86, 7523 வந்தால் சிஎச்341 என்ற டிரைவரை ஏற்று என்று அதில் இருக்கிறது, யூடெவ் ஏற்றிவிடுகிறது. ஆகவே டிரைவர் கருவியைத் தேடிப் போவதில்லை. கருவி எண்ணைச் சொல்கிறது, எண் டிரைவரை இழுத்து வருகிறது.

அப்படியென்றால் கும்பகோணம் பெரிய தெருவில் வாங்கிய பெயர் தெரியாத பென்டிரைவ் எப்படி உடனே வேலை செய்கிறது? அதன் தயாரிப்பாளர் எண் எந்த அட்டவணையிலும் இருக்க வேண்டியதில்லை. பென்டிரைவ் தன் வகையை 08, அதாவது சேமிப்புக் கருவி, என்று சொல்கிறது. சேமிப்பு டிரைவரின் அட்டவணையில் தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் சரி, வகை பொருந்தினால் போதும் என்று எழுதியிருக்கும். மவுஸ், கீபோர்டுக்கு 03, பிரிண்டருக்கு 07. சிஎச்340 போன்ற சிப்புகளோ வகைக்குரிய இடத்தில் "என் வழி தனி வழி" என்று ஒரு குறியைப் போட்டுவிடுகின்றன. பொது டிரைவர் அதற்கு உதவாது; எண் தெரிந்த டிரைவர்தான் வேண்டும். மவுஸுக்கு யாரும் சிடி தேடாமல் இருப்பதும், இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவிக்கு மட்டும் தனியாக ஏதேதோ நிறுவச் சொல்வதும் இந்த வித்தியாசத்தால்தான்.

இதில் இன்னொரு நுணுக்கம். லினக்ஸில் யூஎஸ்பி டிரைவர் பொதுவாக ஒட்டிக்கொள்வது முழுக் கருவியோடு அல்ல, அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிரிவோடும். மைக் வைத்த வெப்கேமராவைச் சொருகினால் படத்தை ஒரு டிரைவரும் ஒலியை இன்னொரு டிரைவரும் எடுத்துக்கொள்ளும். ஒரே கம்பி, இரண்டு பொறுப்பாளர்கள்.

எண் பொருந்துவதோடு கதை முடிவதில்லை. பொருந்தியதும் கர்னல் அந்த டிரைவருக்குள் இருக்கும் ப்ரோப் என்ற சோதனைப் பகுதியை அழைக்கிறது. சிப்போடு நேராகப் பேசிப் பார்த்து, அதைத் தயார்செய்து, "எடுத்துக்கொண்டேன்" என்றோ "இது என்னுடையதல்ல" என்றோ டிரைவர் அங்கேதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் கர்னல் அடுத்த டிரைவரைக் கேட்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு டிரைவர்கள் போட்டி போட்டால், லினக்ஸில் அநேகமாக முதலில் பதிவு செய்தது வெல்லும். விண்டோஸ் மதிப்பெண் போடுகிறது. முறையான கையொப்பம் உள்ளதா, எண் துல்லியமாகப் பொருந்துகிறதா, வகை மட்டும்தான் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு டிரைவர்களும் சமமானால் தேதியையும் பதிப்பையும் பார்க்கும். எனக்கு விண்டோஸின் முறைதான் நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் ஏன் இந்த டிரைவர் வந்தது என்று கண்டுபிடிப்பது அதில் பெரும்பாடு.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: கருவி சொல்லும் எண் சரியானது என்பதே அது. எண்ணோ சிப்புக்கு உரியது, அந்தச் சிப்பை வைத்துச் செய்த பொருளுக்கு உரியதல்ல. 2022-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பு வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. கண் பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்க பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதில் சேர்ந்தே வந்தது. அப்படிப்பட்ட ஒரு கருவிக்குள்ளும் இதே 1ஏ86, 7523 சிப் இருந்ததால் அந்த எண் அதன் விதியில் இடம்பெற்றிருந்தது. விளைவு, சிஎச்340 கேபிளைச் சொருகியதும் டிரைவர் சரியாக வந்து உட்காரும். உடனே பிஆர்எல்டிடிஒய் வந்து, இது பிரெய்ல் கருவிதானே என்று அதைப் பிடுங்கிக்கொள்ளும். சீரியல் போர்ட் தோன்றிய வேகத்தில் மறைந்துவிடும். அர்டுவினோ என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்துப் பழகிய மாணவர்கள் உலகம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அந்த நிரலை நீக்கினால் கேபிள் வேலை செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். பிரெய்ல் கருவியை நம்பி இருப்பவருக்கு அந்த வழி உதவாது என்பதையும் சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு.

எண்ணையே ஆயுதமாக்கியதும் உண்டு. எஃப்டிடிஐயின் சிப்பைப் போலி செய்து 0403, 6001 என்றே சொல்லிக்கொள்ளும் சிப்புகள் சந்தையில் ஏராளம். 2014-இல் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், போலியைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூஜ்யமாக அழித்து எழுதிவிட்டது. எண் போனதும் எந்த அட்டவணையிலும் பொருந்தாமல் கருவி செத்த பிணமாகிவிடும். கடும் எதிர்ப்பு கிளம்பியது. லினக்ஸ் பக்கம் ஒருவர் செய்தது எளிய வேலை: 0403, பூஜ்யம் என்ற ஜோடியையும் டிரைவரின் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார். அதோடு அந்தக் கருவிகள் லினக்ஸில் மறுபடி உயிர்பெற்றன.

மில்லுக்கு வருவோம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் குறியோடு ஒரு பெயர் நிற்கும். அதன் விவரப் பக்கத்தில் வன்பொருள் அடையாளம் என்ற இடத்தில் அந்த இரண்டு எண்களும் இருக்கும். தராசு கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடாமல் அந்த எண்களைப் போட்டுத் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும். டிரைவர் உட்கார்ந்த பிறகும் எடை வராவிட்டால், குறை பெரும்பாலும் கர்னலுக்கு மேலே இருக்கிறது. தராசு 9600 வேகத்தில் அனுப்ப, பில் மென்பொருள் 2400-இல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது போர்ட் எண் மாறியிருக்கலாம். சிஎச்340-இல் பொதுவாகத் தனி வரிசை எண் கிடையாது. அதனால் நேற்று இடது பக்க ஓட்டையில் சொருகியதை இன்று வலது பக்கம் சொருகினால் விண்டோஸ் அதைப் புது ஆள் என்று நினைத்து வேறு போர்ட் எண் (காம் எண்) கொடுத்துவிடும். லினக்ஸில் வேறு விதமாக நடக்கும். கேபிள் கழன்றபோது மென்பொருள் போர்ட்டை விடாமல் பிடித்திருந்தால் பழைய எண் விடுபடாது. மறுபடி சொருகும்போது 0 இருந்த இடத்தில் 1 வரும். மென்பொருளோ 0-வையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தன்னை யாரென்று சொல்லத் தெரியாத சிப்புகளும் இருக்கின்றன. நெல் கிடங்கில் ஈரப்பதம் பார்க்க ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகையில் பிஎம்இ280 என்ற உணரியை இணைப்பதாக வைத்துக்கொள்வோம். அது இணையும் ஐ-ஸ்கொயர்-சி கம்பியில் சொருகினேன், கழற்றினேன் என்ற அறிவிப்பெல்லாம் கிடையாது. ஆகவே இன்ன முகவரியில் இன்ன சிப் இருக்கிறது என்று கர்னலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஏட்டுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். முன்பு ஏஆர்எம் வகைப் பிராசசர் வைத்த பலகைகளுக்கு இந்த விவரத்தையெல்லாம் கர்னல் நிரலுக்குள்ளேயே பலகை பலகையாக எழுதிக் குவித்தார்கள். 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குப்பையைப் பார்த்துப் பொறுமை இழந்து கத்திய பிறகுதான் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக மாறினார்கள்.

இங்கே பொருத்தம் எண்ணில் இல்லை, பெயரில். ஏட்டில் உள்ள பெயரும் டிரைவரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஏட்டில் எழுதியது பலகையில் உண்மையாகவே இருக்கிறதா? அதைச் சோதிப்பது ப்ரோப். டிரைவர் சிப்பின் ஒரு பதிவகத்தை, அதாவது அதற்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை, படிக்கும். பதினாறடிமானத்தில் 60 வந்தால் அது பிஎம்இ280. ஈரப்பதம் அளக்காத தம்பி, பிஎம்பி280, என்றால் 58 வரும். பிஎம்இ என்று சொல்லி பிஎம்பியைத் தலையில் கட்டுவது சகஜமாக நடக்கிறது. கடைக்காரர் ஏமாற்றலாம், அந்தப் பதிவகம் ஏமாற்றாது.

சில சமயம் ப்ரோப் செய்ய வேண்டிய நேரத்தில், உணரிக்கு மின்சாரம் தரும் சிப்பின் டிரைவரே இன்னும் ஏறியிருக்காது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் கல்லணை தாண்டி, வெண்ணாறு தாண்டி, வாய்க்காலில் வந்து சேரும்வரை கடைமடைக்காரர் நாற்றங்கால் வேலையைத் தள்ளிவைப்பது போல, டிரைவரும் "பிறகு கூப்பிடு" என்று சொல்லிவிடலாம். 2012-இல் வந்த லினக்ஸ் 3.4-இல் இதற்கென்றே 517 என்ற விடையைச் சேர்த்தார்கள். அந்த விடை வந்தால் கர்னல் கருவியை ஒரு வரிசையில் ஒதுக்கிவைக்கும். வேறு எந்த டிரைவர் வெற்றிகரமாக ஒட்டினாலும், நமக்கு வேண்டியது வந்துவிட்டதோ என்று வரிசையில் உள்ளவர்களை மறுபடி கேட்கும்.

நம்பியிருப்பது பிறகு, நம்பப்படுவது முதலில் என்ற இந்த ஒழுங்கு லேப்டாப்பை மூடித் தூங்க வைக்கும்போது தலைகீழாகும். முதலில் கடைசியில் இருக்கும் கருவிகள், பிறகு அவை தொங்கும் ஹப் (பல கருவிகளை ஒரே போர்ட்டில் சேர்க்கும் கிளை), கடைசியாக அந்த ஹப்புக்கு மேலே உள்ள கட்டுப்பாட்டுச் சிப். எழுப்பும்போது மேலிருந்து கீழே. நடுவில் ஒரு டிரைவர் "என்னால் இப்போது தூங்க முடியாது" என்று பிழை சொன்னாலும் கர்னல் முழு முயற்சியையும் கைவிட்டு, அதுவரை தூங்கப் போனவர்களை எல்லாம் எழுப்பிவிடும். மூடிப் பையில் வைத்த லேப்டாப் வீடு போய்ச் சேரும்போது அடுப்பு மாதிரிக் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முரண்டு பிடித்தது எந்த டிரைவர் என்பது கர்னலின் பதிவில் பெயரோடு இருக்கும்.