எடை குறையவில்லை, ரத்தம் குறைந்திருக்கிறது

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்திருந்தார். வயது 38. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மத்தியானம் ஆகிவிட்டால் எங்காவது படுத்தால் போதும் என்றிருக்கிறது, இவ்வளவுதான் அவர் சொன்னது. டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ரிப்போர்ட்டோடு என்னிடம் அனுப்பியிருந்தார். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே அது ரத்தசோகை. எடை மெஷினில் ஏறச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு முந்தைய எடையைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது. "சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்ல மேடம், பாருங்க வெயிட்டே ஏறியிருக்கு" என்றார்.

ஊட்டச்சத்து ஆலோசகராக நான் முதலில் கேட்பது ஒரு வாரக் கணக்கு. வீட்டில் யார், எந்த வேளைக்கு, என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். அவரும் எழுதிக்கொண்டு வந்தார், பிள்ளையின் பழைய நோட்டில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில். நான்கு பத்திகள்: கணவர், மகன், மகள், பாட்டி. முட்டை யாருக்கு, பால் யாருக்கு, பழம் யாருக்கு எத்தனை துண்டு, எல்லாம் இருந்தது. வீட்டில் ஐந்து பேர். "உங்க பத்தி எங்கம்மா?" என்று கேட்டேன். நோட்டைத் திருப்பித் தன் பக்கம் வைத்துப் பார்த்தார். "எனக்கு என்ன மேடம், எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிச்சம் இருக்கறத..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். விலைவாசி ஏறும் காலத்தில் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை எடை மெஷின் காட்டுவதில்லை, மளிகை பில்லும் காட்டுவதில்லை. எந்த உணவு தட்டிலிருந்து போனது, யாருடைய தட்டிலிருந்து போனது, இந்த இரண்டையும் கேட்டால்தான் தெரிகிறது.

என் அனுபவத்தில் அது போகும் வரிசை அநேகமாக ஒன்றுதான். முதலில் பழம் நிற்கும். அப்புறம் மீன், இறைச்சி வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆகி, மாதத்துக்கு ஒரு நாள் என்று ஆகும். முட்டை பிள்ளைகளுக்கு மட்டும். பால் கொஞ்சம் தண்ணியாகும். கடைசியில் பருப்பும் நீர்த்துப் போகும். தானியம் மட்டும் அப்படியே நிற்கும், சொல்லப்போனால் கூடும், ஏனென்றால் வயிறு நிறைய வேண்டுமே. மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய் இந்த மூன்றும்தான் ஒரு கலோரிக்கு ஆகும் செலவில் மலிவானவை, புரதமும் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் தரும் உணவுகள் அந்தக் கணக்கில் விலை கூடியவை, அதனால் காசு இறுகும்போது வயிறு நிறைந்தபடியே சத்து மட்டும் கழன்றுகொள்கிறது. அந்தப் பெண்ணின் எடை ஏறியிருந்ததற்கு அதுதான் காரணம். பசித்தபோதெல்லாம் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார். அந்த டீ வேறொரு வேலையும் செய்தது. டீயில் உள்ள டானின் போன்ற பொருட்கள் தாவர உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஏற்கெனவே குறைவாக வந்த இரும்புச்சத்தில் ஒரு பகுதி இப்படியும் போயிருக்கிறது.

இது இவர் ஒருவர் வீட்டுக் கதை இல்லை. 1997-98-ல் இந்தோனேசியாவில் பொருளாதார நெருக்கடி வந்து அரிசி விலை தாறுமாறாக ஏறியபோது, மத்திய ஜாவாவின் கிராமப்புறக் குடும்பங்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். குழந்தைகளின் எடை பெரிதாகக் குறையவில்லை. அதை மட்டும் பார்த்தவர்கள் பரவாயில்லை, சமாளித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அரிசி வாங்குவதற்காக முட்டையையும் கீரையையும் குறைத்திருந்தார்கள், குழந்தைகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது, தாய்மார்கள் இளைத்துப் போயிருந்தார்கள். தங்கள் பங்கைப் பிள்ளைகளின் தட்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். இந்த ஆய்வை நான் முதலில் படித்தபோது எங்கோ நடந்தது என்றுதான் படித்தேன். அந்த நான்கு பத்தி நோட்டைப் பார்த்த அன்று இரவு மறுபடி எடுத்துப் படித்தேன், தூக்கம் வரவில்லை.

பஞ்சம், போர் நடக்கும் இடங்களில் நிவாரணப் பணி செய்கிறவர்கள் ஒரு வீட்டின் உணவுத் தட்டுப்பாட்டை அளக்க ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் மலிவான, பிடிக்காத உணவுக்கு மாறினீர்கள், எத்தனை நாள் கடனாக உணவு வாங்கினீர்கள், எத்தனை நாள் அளவைக் குறைத்தீர்கள், எத்தனை நாள் வேளையைக் குறைத்தீர்கள், பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று பெரியவர்கள் எத்தனை நாள் குறைத்துக்கொண்டீர்கள். மலிவான உணவுக்கு மாறினால் ஒரு நாளுக்கு 1 மதிப்பெண், அளவையோ வேளையையோ குறைத்தாலும் 1, உணவைக் கடன் வாங்கினால் 2. பெரியவர்கள் தங்கள் சாப்பாட்டை விட்டுக்கொடுத்தால் 3. ஐந்திலும் அதிகக் கடுமையானதாக வைத்திருப்பது அதைத்தான். நம் வீடுகளில் அதற்குப் பெயர் தாய்ப்பாசம். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பாசம் தெரியாது.

சரி, இதில் அந்தப் பெண்ணின் தப்பு என்ன? ஒன்றும் இல்லை. சத்தான உணவு வாங்க முடியாத நிலையில் 2022-ல் உலகத்தில் சுமார் 280 கோடிப் பேர் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே எழுதிவிட்டார். அதனால் ஒரே விலையேற்றம் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி தாக்காது. வருமானத்தில் பாதி சமையலறைக்கே போகிற வீட்டில் வெட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

'கொஞ்ச நாளைக்குத்தானே, விலை இறங்கினதும் பழையபடி ஆகிவிடும்' என்பதுதான் என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சொல்வது. இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிடும் உலக உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் உச்சத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் இறங்கியது, ஆனால் கடையில் நாம் கொடுக்கும் விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை, போக்குவரத்து, கூலி, மின்சாரம் எல்லாம் நடுவில் நிற்கின்றன. ஆக, கொஞ்ச நாளைக்கு என்று நிறுத்திய முட்டை இரண்டு வருடமாக நின்றே இருக்கும். உடம்பும் உடனே காட்டிக்கொடுக்காது. இரும்புச்சத்துக்கு உடம்பில் ஒரு சேமிப்பு இருக்கிறது, வரவு குறைந்தால் முதலில் அதிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்யும். அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். படியேறும்போது மூச்சு வாங்கும் நாளில் நீங்கள் பல மாதப் பற்றாக்குறையில் இருக்கிறீர்கள்.

குறைக்கத்தான் வேண்டும் என்றால் எதைக் குறைப்பது? என் பதில் எப்போதும் ஒன்றுதான், பாக்கெட்டில் வருவதை முதலில் குறையுங்கள். பிஸ்கட், குளிர்பானம், பொரித்த நொறுக்குத் தீனி, பிறகு அந்த டப்பாவில் வரும் சத்துமாவுப் பானங்கள். டப்பாவின் பின்னால் சேர்பொருள் பட்டியல் இருக்கும், எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் அநேகமாக எல்லா நாட்டிலும் அச்சிடுவார்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கலாம். எடையையும் பாருங்கள், விலையை ஏற்றாமல் உள்ளே இருப்பதைக் குறைத்துவிடுகிறார்கள், பாக்கெட் மட்டும் அதே அளவில் இருக்கும்.

புரதத்துக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்லித் தருவேன். 100 கிராம் காய்ந்த பருப்பில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 கிராம். 100 மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று மேல். உங்கள் ஊர் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், ஒரு கிராம் புரதம் எதில் மலிவு என்று பளிச்சென்று தெரியும், பெரும்பாலும் பருப்பும் முட்டையும்தான் முன்னால் நிற்கும். பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு, 55 கிலோ என்றால் 44 கிராம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. தானியப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற கூறு பருப்பில் தாராளமாக இருக்கிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற கூறு தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டாக வேண்டும் என்றுகூட இல்லை, அந்த நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். விலை ஏறும்போது பருப்பு நீர்த்துப் போகவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பழம் வாங்க முடியவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று. உடம்பு சரியில்லை என்றால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது. வைட்டமின் சி கணக்கில் பார்த்தால் முட்டைக்கோஸ் ஆப்பிளைவிடப் பல மடங்கு மேலே. வேகவைத்தால் கொஞ்சம் போகும், அப்படியும் ஆப்பிளுக்குக் கீழே வராது. பருப்பு, கீரை இருக்கும் சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் அந்த வைட்டமின் சி இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இதற்குச் செலவே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம், இவற்றில் ஆபத்து உடனடியாக வரும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களும் சாப்பாட்டை மிச்சம் பிடிக்க ஒரு வேளையை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயங்கி விழவும் கூடும். எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் மகனுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார், மாத்திரையை நிறுத்தவில்லை, அதிகாலையில் குளியலறையில் விழுந்து கிடந்தார். இன்னும் சிலர் மளிகைக்காக மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாப்பாடு குறைந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அவர் அளவை மாற்றுவார், விலை குறைந்த மருந்துக்கு மாற்றுவார். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுத்தது கைக்குழந்தை. பால்பவுடர் டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கிறார்கள். குழந்தையின் வயிறு நிறையும், ஆனால் சத்து பத்தாது, அதைவிட முக்கியம், தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் சோடியம் இறங்கினால் வலிப்பு வரைக்கும் போகலாம். டப்பாவில் போட்டிருக்கும் அளவை மாற்றவே கூடாது. முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ அன்றைக்கே போங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று சொல்வதில் இந்தச் செலவுக் கணக்கும் அடங்கியிருக்கிறது, அதற்கும் பால் கொடுக்கிற அம்மாவின் தட்டு நிறைந்திருக்க வேண்டும்.

உணவை வீணாக்காதீர்கள் என்று நான் பெரிதாகப் பேசுவதில்லை. காசு இறுகிய வீட்டில் எதுவும் வீணாவதில்லை, அதைச் சொல்லி அவர்களைக் குத்துவானேன். ஒன்றே ஒன்று, மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்குவது பருப்புக்கும் தானியத்துக்கும் சரி, கீரைக்கும் தக்காளிக்கும் சரிவராது.

அந்தப் பெண்ணுக்கு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் கணவரை அழைத்து வரச் சொல்லி அந்த நோட்டை அவர் கையில் கொடுத்தேன். நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "இவ எப்பவும் கடைசியில சாப்பிடுவா, என்ன சாப்பிடறான்னு நான் பார்த்ததே இல்ல" என்றார். பிள்ளைகளின் முட்டையைப் பிடுங்காமல், பிஸ்கட், பானப் பவுடர் செலவை எடுத்துப் பருப்புக்கும் வாரம் நான்கு முட்டைக்கும் மாற்றினோம். பரிமாறும்போது ஐந்து தட்டும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம், அவளுக்குப் பதினோரு வயது.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் 11.4. இன்னும் 12-ஐத் தொடவில்லை, தொட்ட பிறகும் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் மாத்திரை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நோட்டையும் கொண்டு வந்திருந்தார். ஐந்தாவது பத்தி போட இடம் பத்தாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார், அடுத்த மாதத்துக்குப் புது நோட்டில் முதலிலேயே ஐந்து கோடு போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.