சோற்றுத் தட்டில் சர்க்கரைக் கணக்கு

நீரிழிவு என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கே பல தமிழ் வீடுகளில் இரவுச் சாப்பாடு சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறிவிடுகிறது. இதனால் சிலருக்குச் சர்க்கரை குறைவதும் உண்டு. ஆனால் அதற்குக் கோதுமையின் தனிச்சிறப்பைவிட, சோற்றைப் போல் அளவில்லாமல் சப்பாத்தியை உண்ண முடியாததே பெரும்பாலும் காரணம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 20 கிராம் வரை. எனவே உருளைக்கிழங்கு மசாலாவோடு நான்கு சப்பாத்தி உண்பவர், 200 கிராம் சோறு உண்பவரைவிடப் பத்தியம் காத்தவர் ஆகிவிடமாட்டார்.

மாவுச்சத்தின் அளவைப் போலவே, அது குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கும் வேகமும் முக்கியம். நலமாக உள்ளவருக்கு உணவு உண்ட சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலினைச் சட்டென்று வெளியிடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இந்த முதல் அலை பெரிதும் மங்கிவிடுகிறது. தாமதமாக வரும் இன்சுலினுக்கும் உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே வேகமாகச் செரிக்கும் உணவு இவர்களுக்குச் சர்க்கரையைச் செங்குத்தாக ஏற்றிவிடுகிறது.

இந்த வேகத்தை ஒப்பிடுவதற்கே கிளைசீமிக் குறியீடு என்ற அளவுகோலை 1981இல் டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் முன்வைத்தார்கள். தூய குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக் கணிக்கும் இதில், 70க்கு மேற்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள். சென்னை ஆய்வாளர்கள் சோதித்த பொன்னி, சோனா மசூரி ஆகிய பட்டை தீட்டிய அரிசிகள் இரண்டுமே அந்த எல்லையைத் தாண்டின. சிறுதானியம் என்ற பெயரும் தானாகக் காப்பாற்றிவிடாது: கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சும்போது, மாவுத்துகள்கள் நீரில் உப்பி நொதிகளுக்கு எளிதில் வசப்படுவதால், அதுவும் விரைவாகவே சர்க்கரையை ஏற்றும்.

வேகத்தைத் தணிக்கும் பொருள்கள் நம் சமையலில் ஏற்கெனவே உள்ளன; குறை, அவை தட்டில் பெறும் இடத்தில்தான் இருக்கிறது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து என்பது உணவியலாளர்கள் பரவலாகப் பரிந்துரைக்கும் அளவு. நம் மதியச் சாப்பாட்டிலோ சோறு குவியலாகவும், அவரைக்காய்ப் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும், பருப்பு தேடிப் பார்க்க வேண்டிய சாம்பாராகவும் அமைந்துவிடுகின்றன. இதில் உருளை, சேனை, மரவள்ளி ஆகியவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பது இன்னொரு பிழை. அவை சோற்றின் பங்கைச் சேர்ந்தவை. கீரைக் கூட்டு, சுண்டல், முட்டை, மீன் குழம்பிலுள்ள மீன் ஆகியவற்றின் அளவு கூடினால், சோறு தானாகவே குறையும்.

உண்ணும் வரிசைக்கும் பங்குண்டு. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை உட்கொண்டிருந்த 11 பேர் ஒரே உணவை இரு வரிசைகளில் உண்டார்கள். காய்கறியும் இறைச்சியும் முதலிலும், மாவுச்சத்து கடைசியிலும் உண்ட நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை சுமார் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நார்ச்சத்தும் புரதமும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும், இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்களை முன்கூட்டியே சுரக்கச் செய்வதும் இதற்கான விளக்கம். பொரியலையும் கூட்டையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, செரிக்காத வடிவம் பெறுகிறது என்பது உண்மையே. அந்தப் பகுதி சிறியது என்பதால், அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள இடமில்லை.

இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றாமல் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினாலோ, வேளை தவறி உண்டாலோ இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வையும் கைநடுக்கமும் தோன்றும் அந்த நேரத்தில் கீரையோ சுண்டலோ உதவாது; 15 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.