சுறாப்புட்டு சாப்பிடும் தாய்மாரும் சுரங்க நிறுவனங்களும்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பது நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வழக்கம். மகப்பேறு மருத்துவராக நான் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சொல்வது: மீனை விடாதீர்கள், சுறாவை மட்டும் விடுங்கள். சாளை, நெத்திலி, காரல் தாராளமாகச் சாப்பிடலாம். "எங்க ஆத்தா காலத்துலேர்ந்து கொடுக்குறோமே டாக்டர்" என்பார்கள். உண்மைதான். ஆனால் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் பெருகியதில் கடல்களில் பாதரசமும் கூடிவிட்டது.

கடலில் விழும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசம் என்ற நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, உடம்பில் அதன் அளவு ஏறும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கில் சாளை வகைக்குக் கிலோவுக்குச் சராசரியாக 0.013 மில்லிகிராம், சுறாவுக்கு 0.979. நம் கடலில் எண்கள் மாறலாம், ஆனால் இங்கேயும் சுறாவில்தான் அதிகம் சேரும். இது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளைக்குப் போகிறது. தாய்ப்பாலில் வருவது குறைவு. அதற்குப் பயந்து பால் கொடுப்பதை யாரும் நிறுத்த வேண்டாம்.

மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு சொல்கிறது. அங்கே தாதுவில் பாதரசத்தைக் கலந்து, தங்கம் ஒட்டிய கட்டியைத் தீயில் சுடுகிறார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும். நிலக்கரி எரிப்பதன் பங்கு சுமார் 21 சதவீதம்.

இதைக் கட்டுப்படுத்தத்தான் மினமாட்டா என்ற சர்வதேச ஒப்பந்தம் 2013-ல் கையெழுத்தாகி 2017-ல் நடைமுறைக்கு வந்தது. பெரிய சுரங்க நிறுவனங்கள் இதை எதிர்க்கவில்லை. பாதரசத்துக்கென்றே சுரங்கம் திறக்கமாட்டோம் என்று அவற்றின் சர்வதேசக் கூட்டமைப்பு 2009-லேயே அறிவித்துவிட்டது. சிறு சுரங்கத்தாருக்குப் பாதரசம் இல்லாத முறைகள் போய்ச்சேர உதவுவோம் என்றும் சொன்னது. நல்ல விஷயம். ஆனால் தாதுவோடு சேர்ந்து வெளியேறும் பாதரசம் என்று வரும்போது, இடத்துக்கு இடம் அபாயத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதே அவர்கள் பேச்சு. ஒப்பந்தத்திலும் உலகம் முழுமைக்குமான ஒரே உமிழ்வு வரம்பு இல்லை. சிறு தங்கச் சுரங்கங்களில் பாதரசத்தைக் குறைத்து, 'சாத்தியமான இடங்களில்' ஒழித்தால் போதும் என்கிறது.

சிறு சுரங்கத்தாரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, அது அவர்கள் பிழைப்பு. பெரிய ஆலைகளுக்குக் கொடுக்கும் சலுகைதான் ஏற்கமுடியாதது. நம் நாட்டிலேயே பாருங்கள். 2015 விதி அனல்மின் நிலையங்களுக்குப் பாதரச வரம்பு வைத்தது. ஆனால் 2003-க்குள் நிறுவப்பட்டவற்றில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு அது கிடையாது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் அலகுகள் 210 மெகாவாட், கட்டியதும் அதற்கு முன்பே. அது நிற்பது நம் மன்னார் வளைகுடாக் கரையில்.

ஆலைக்குச் சலுகை, கர்ப்பிணிக்குப் பத்தியம். இது எந்த ஊர் நியாயம்? ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 2018-ல். பழைய ஆலைகளின் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளுக்குத் தரப்பட்ட பத்தாண்டு அவகாசம் 2028-ல் முடிகிறது. அதற்குள் பாம்பன், மண்டபம், தொண்டியில் இறங்கும் மீனைச் சோதித்து முடிவை வெளியிடச் சொல்லி மீனவர் சங்கங்கள் மனு கொடுக்க வேண்டும். மருத்துவர்கள் நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.